சுரங்கப்பாதைக்குள் நுழைந்த காரை ஸ்டீரியோ எப்படித் தொடர்கிறது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் "நேவிகேஷன் உள்ள ஸ்டீரியோ காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது இன்ச்சா, பத்து இன்ச்சா என்பதில் பேச்சு தொடங்கும். அப்புறம் ரேம் எத்தனை ஜிபி, ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு, ரிவர்ஸ் கேமரா இலவசமா என்று போகும். கார் இப்போது எந்தச் சாலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வேலையைச் செய்பவை தபால்தலை அளவில் ஒரு பீங்கான் ஆன்டெனா, கார் திரும்புவதை உணரும் ஒரு சிப், சக்கரம் எவ்வளவு உருண்டது என்று சொல்லும் ஒற்றை வயர். விளம்பரத்தில் இந்த மூன்றையும் பெரிதாகப் போட மாட்டார்கள். மலிவான ஸ்டீரியோக்கள் பலவற்றில் அந்த வயர் கிடையவே கிடையாது. இருந்தாலும், மாட்டாமல் சுருட்டி உள்ளே தள்ளிவிடுவது உண்டு.

முதலில் ஆன்டெனா. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தைப் பார்த்து, "நான் இருக்கும் இடம் இது, இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேரத்தில் ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். ஸ்டீரியோவுக்குள் அணுக்கடிகாரம் வைக்கக் கட்டுப்படியாகாது, உள்ளே இருப்பது சாதாரண குவார்ட்ஸ்தான். எனவே அதன் பிழையையும் தெரியாத எண்ணாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இடத்துக்கு மூன்று எண்கள், கடிகாரத்துக்கு ஒன்று. நான்கையும் கண்டுபிடிக்க நான்கு சமன்பாடுகள் வேண்டும், அதாவது ஒரே சமயத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும்.

அந்த அலை தரைக்கு வந்துசேரும்போது அதன் வலிமை ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுதான். சுற்றியுள்ள ரேடியோ இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். ஆனாலும் சிப் பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துண்டுகள் கொண்ட தனக்கே உரிய ஒரு குறியீட்டை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது, அந்தக் குறியீடு சிப்புக்கு முன்பே தெரியும். பஸ் ஸ்டாண்ட் கூச்சலிலும் நம் வீட்டுப் பிள்ளை கூப்பிடுவது தனியாகக் காதில் விழுகிறதல்லவா, அப்படித்தான்.

இவ்வளவு மெலிந்த அலை என்பதால் ஆன்டெனாவை எங்கே ஒட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பிரச்சினை இல்லை, அலை அதைக் கடந்து வரும். உலோகம் தடுத்துவிடும். டேஷ்போர்டின் மேல்பக்கம், முன் கண்ணாடிக்கு நேர் கீழே, முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தால் நல்லது. ஸ்டீரியோவின் உலோகப் பெட்டிக்குப் பின்னால் வயரோடு வயராகச் சுருட்டி வைத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டீரியோவும் தடுமாறும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி உள்ள கார்களிலும் இந்தத் தொல்லை வரும். சரியாக மூடிக் கவசமிடாத மலிவு டேஷ்கேமும் சார்ஜரும்கூட இந்த அலையைக் கெடுக்கும்.

காரை எடுத்தவுடன் போன் சட்டென்று இடத்தைச் சொல்லிவிடுகிறது, ஸ்டீரியோ யோசித்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் குறைப்படுவார்கள். அது ஸ்டீரியோவின் மந்தம் அல்ல. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது, முழுதாகக் கேட்க அரை நிமிடமாவது ஆகும். போன் அதே விவரத்தை மொபைல் நெட்வொர்க்கில் நொடியில் இறக்கிக்கொள்கிறது.

சரி, வானமே தெரியாத இடத்தில் என்ன ஆகும்? கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை 100 அடி ரோட்டில் தலைக்கு மேலே மெட்ரோ பாலம் ஓடுகிறது. நேராக வரும் அலை மறைந்து, பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலை வந்தால், கூடுதலாகச் சுற்றிய தூரமும் கணக்கில் சேர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் மேம்பாலமும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் சில மீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஜிபிஎஸ்ஸின் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவு, உயரத்தில் இன்னும் மோசம். மேலே ஏறினோமா, கீழேயே போகிறோமா என்று அதற்குத் தெரிய வழியில்லை. கோவையிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகும்போது வரும் குதிரான் சுரங்கப்பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். அதற்குள் செயற்கைக்கோள் ஒன்றுகூடத் தெரியாது.

இந்தக் கண்கட்டு வித்தைக்கு விடை ஜிபிஎஸ்ஸுக்கு முன்பே இருந்தது. 1981-இல் ஹோண்டா ஜப்பானில் கொண்டுவந்த எலெக்ட்ரோ கைரோகேட்டர் செயற்கைக்கோளை நம்பவே இல்லை. ஹீலியம் வாயுவால் இயங்கும் ஒரு கைரோ காரின் திருப்பத்தை அளந்தது, சக்கரத்தின் சுழற்சி தூரத்தைச் சொன்னது. கண்ணாடித்தாளில் அச்சிட்ட வரைபடத்தைச் சின்னத் திரையின்மேல் செருகிவிட்டால், அதன் கீழே ஒரு புள்ளி நகரும். 1985-இல் கலிஃபோர்னியாவின் ஈடாக் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. அது வரைபடத்தைக் கணினிக்குப் புரியும்படி கேசட்டில் பதிந்து கொடுத்தது. இடது சக்கரமும் வலது சக்கரமும் உருண்ட தூரத்தில் உள்ள வித்தியாசத்தையும் ஒரு திசைகாட்டியையும் வைத்துத் திருப்பத்தைக் கண்டுபிடித்தது. காரோடு சேர்ந்தே வந்த ஜிபிஎஸ் நேவிகேஷன் 1990-இல் மாஸ்தாவின் யூனோஸ் காஸ்மோவில்தான் தொடங்கியது.

அந்தப் பழைய உத்திதான் இன்றும் அந்த ஒற்றை வயரில் வருகிறது. சக்கரம் உருள உருள ஸ்பீடோமீட்டருக்குப் போகும் மின் துடிப்பை, அதாவது வேகத் துடிப்பை, கிளையாக எடுத்து ஸ்டீரியோவுக்குக் கொடுப்பார்கள். ஜப்பானியத் தர முறையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்பீடோமீட்டர் தண்டு நிமிடத்துக்கு 637 முறை சுற்றும். சுற்றுக்கு நான்கு துடிப்பு வரும் கார்களில் கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள், அதாவது ஏறக்குறைய 39 சென்டிமீட்டருக்கு ஒன்று. குதிரானுக்குள் லாரி நின்று எல்லோரும் பிரேக் போட்டாலும், துடிப்பு நின்றதும் ஸ்டீரியோவுக்குக் கார் நின்றது தெரிந்துவிடும். வயர் இல்லாத கருவி, உள்ளே நுழைந்தபோது இருந்த வேகத்தை வைத்து ஊகித்துக்கொண்டே போகும். நீங்கள் உள்ளே சிக்கி நிற்கும்போது அது மறுபக்கம் வெளியே வந்து திருச்சூரை நோக்கி ஓட்டிக்கொண்டிருக்கும்.

குதிரான் நேரான சுரங்கம், உள்ளே பிரியும் வழி இல்லை. அதனால் ஊகம் தவறினாலும் நமக்கு நஷ்டமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேயின் வல்லாவிக் சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டானா இருக்கிறது. அங்கே ஊகத்தை நம்பினால் மலைக்குள் வழி தவற வேண்டியதுதான்.

தூரம் மட்டும் போதாது, திசையும் வேண்டும். அதற்குத்தான் கைரோ. இன்றைய கைரோவில் வாயுவும் இல்லை, சுழலும் சக்கரமும் இல்லை. சிலிக்கானில் செதுக்கிய மிகச் சின்ன அமைப்பு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். கார் திரும்பும்போது கோரியாலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும், தள்ளிய அளவை மின்சாரமாக அளக்கிறார்கள். இதன் பலவீனம், சூடு ஏறினால் அளவு நகரும். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திசையில் ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 17 மீட்டர் விலகிவிடும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. சிக்னலில் கார் நிற்கிறது. சக்கரத் துடிப்பு பூஜ்யம். அப்படியானால் கார் திரும்பவில்லை என்பது உறுதி. அந்த நேரத்தில் கைரோ "கொஞ்சம் திரும்புகிறது" என்று சொன்னால், அது முழுக்க முழுக்கக் கைரோவின் பிழைதான். அதைக் குறித்துக்கொண்டு இனிமேல் கழித்துவிடலாம். வயர் கைரோவைத் திருத்துகிறது. திறந்த வெளியில் ஜிபிஎஸ் வயரைத் திருத்துகிறது, ஏனென்றால் டயர் தேயத் தேய அதன் சுற்றளவு குறையும். புது டயரில் 8 மில்லிமீட்டர் இருக்கும் பட்டன் 1.6-க்குத் தேய்ந்தால் தூரக் கணக்கில் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகும். இப்படி மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தையும் கேட்டு, அந்தந்த நேரத்தில் யாரை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு ஒரே விடை சொல்வதற்கு பொறியாளர் ருடால்ஃப் கால்மன் 1960-இல் எழுதிய கணக்குமுறைதான் அடிப்படை. அப்பல்லோ விண்கலம் நிலவுக்கு வழி கண்டதும் அதே முறையில்தான்.

கிடைத்த விடையை வரைபடத்தோடு ஒப்பிடுவது கடைசிப் படி. கார் சாலையில்தான் போகும், கிணற்றுக்குள் போகாது என்பது நல்ல துப்பு. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கைரோ சொல்லும் ஒவ்வொரு திருப்பமும் வரைபடத்தின் வளைவோடு பொருந்துவதால், அங்கே இடம் தவறுவது அரிது. நேரான சாலையில் சர்வீஸ் ரோட்டைப் பிரித்தறிவதுதான் கஷ்டம். மேல்நோக்கிச் சாய்வதையும் உணரும் கைரோ இருந்தால் மட்டும், ஓரிரு டிகிரி சரிவை வைத்து மேம்பாலத்தில் ஏறியதைக் கண்டுபிடிக்கும்.

ஜப்பானில் நெருக்கடியான பார்க்கிங்குகளில் காரைச் சுழல்மேடையில் நிறுத்தித் திருப்பி வைப்பார்கள். இன்ஜினை அணைத்த பிறகு திருப்பியது ஸ்டீரியோவுக்குத் தெரியாது, மறுபடி கிளம்பும்போது எதிர்த்திசையில் போவதாக நினைத்துக்கொள்ளும். மற்றபடி மால் அடித்தளத்திலிருந்து சுற்றிச் சுற்றி மேலே வரும்போது, முகம் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்வது கைரோ உள்ள ஸ்டீரியோதான்.

இப்போது எதை வாங்குவது? நகருக்குள், மொபைல் சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு உள்ளே பொதிந்த நேவிகேஷன் வீண் செலவு என்பது என் கருத்து. போனின் வரைபடத்தைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வேலை செய்கிற, வெயிலிலும் தெரிகிற திரை போதும், வால்யூமுக்குத் திருகும் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது. காரின் ஆன்டெனா, சக்கரத் தகவலைப் போனுக்குக் கொடுக்க இந்த இரண்டிலுமே வழி உண்டு. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பது ஸ்டீரியோ தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. முதுமலை, வால்பாறை மாதிரி நெட்வொர்க் போய்விடும் பக்கம் அடிக்கடி போகிறவர் நேவிகேஷன் உள்ளதை வாங்கலாம், வரைபடம் முழுவதும் ஸ்டீரியோவிலேயே பதிந்திருக்க வேண்டும். அதிலும் வேகத் துடிப்பு வயரோ, கார் புதிது என்றால் கேன்பஸ் டீகோடர் (காருக்குள் ஓடும் தகவல் வயரைப் படிக்கும் சின்னப் பெட்டி) வழியாக அதே தகவலோ கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது டேஷ்போர்டில் பதித்த பெரிய போன்தான்.

அளவு விஷயம் எளிது. டின் என்பது ஸ்டீரியோ முகப்பின் தர அளவு. சிங்கிள் டின் என்பது 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180-க்கு 100. டொயோட்டா மாதிரி சில கார்களில் 200 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், ஃபிரேம் வேண்டும். வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் மாட்டச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சாஃப்ட்வேர் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். பழைய ஜிபிஎஸ் குறியீடு வாரத்தை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். இதைச் சரியாகக் கையாளாத பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் 2022 ஜனவரியில் 2002-க்குப் போய்விட்டது.

மாட்டி முடித்ததும் பாட்டுப் போட்டுப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். வேகத் துடிப்பை ஏற்கும் பல மாடல்களின் செட்டிங்ஸில் துடிப்பு எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கடை வாசலிலேயே காரைப் பத்தடி முன்னே உருட்டச் சொல்லுங்கள். எண் ஏறவில்லை என்றால் வயர் மாட்டப்படவில்லை. பேனலை மூடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது, மூடிய பிறகு திறக்கத் தனியாகக் காசு கேட்பார்கள்.