அனிமேஷன்: அசைவா, உயிரா?

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற வீடியோ சண்டை விளையாட்டில் ரியூ என்ற வீரனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எந்தப் பொத்தானையும் தொடாமல் இருந்து பாருங்கள். அவன் சிலையாக நிற்கமாட்டான். முழங்காலை மடக்கி, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பான், மூச்சு வாங்குகிறவனைப்போல. நான்கைந்து ஓவியங்களை மாற்றி மாற்றிக் காட்டும் வித்தைதான். ஆனாலும் அனிமேஷன் என்ற சொல்லின் வேர்ப்பொருள் அந்த மூச்சில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். 'அனிமாரே' என்றால் உயிர் கொடுப்பது. வடமொழியில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'அன்' என்ற வேரும் இதற்கு உறவு. நாம் அன்றாடம் சொல்லும் பிராணன் அந்த வேரிலிருந்து வந்தது. காற்றைக் குறிக்கும் அனிலமும் அப்படியே. தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்தானே? பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். இரண்டு மொழிக் குடும்பங்கள் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்த விளையாட்டை 1994-இல் கிசாபுரோ சுகீ இயக்கத்தில் ஜப்பானில் முழுநீளப் படமாக்கினார்கள். தொடக்கத்திலேயே புல்வெளியில் ரியூவும், அதே விளையாட்டின் இன்னொரு வீரனான சகாட்டும் மோதுகிறார்கள். ரியூவின் மேல்நோக்கிய குத்து சகாட்டின் மார்பைக் கிழித்து வடுவாக்குகிறது. விளையாட்டில் சகாட்டின் மார்பில் நாம் பார்த்துப் பழகிய அதே வடு. சண்டையில் அசைவு பீறிடுகிறது. ஆனால் இவ்வகைப் படங்களில் இருவர் நின்று பேசும்போது கவனியுங்கள்: பல இடங்களில் வாய் மட்டும்தான் அசையும், உடம்பு ஒற்றை ஓவியமாக உறைந்திருக்கும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடினாலும் அத்தனைக்கும் புது ஓவியம் வரைவதில்லை; 12, 8 என்று சிக்கனம் பிடிப்பார்கள். சும்மா நிற்கும்போதும் மூச்சுவிடுவது விளையாட்டு ரியூதான்.

ஜப்பானியர் அனிமேஷன் என்ற சொல்லை 'அனிமே' என்று சுருக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் அவர்களிடம் 'தோகா' என்ற சொல் இருந்தது. 'தோ' இயக்கம், 'கா' படம். அப்படியே நம் இயங்குபடம். 1956-இல் உருவான தோயே தோகா நிறுவனத்தின் பெயரில் இருந்தது இந்தச் சொல்தான். பிறகு சுருக்கச் சொல் அதை ஓரங்கட்டிவிட்டது. சொந்தச் சொல்லைக் கைநழுவவிட்டது நாம் மட்டுமல்ல.

தமிழில் இயங்குபடம், அசைவூட்டம் இரண்டும் புழங்குகின்றன. சினிமாவே இயங்கும் படம்தான் என்பதால் முதலாவதில் எனக்குத் திருப்தியில்லை. உயிரூட்டம் வேருக்கு மிக நெருக்கம். ஆனால் நல்ல நடிகர் 'பாத்திரத்துக்கு உயிரூட்டினார்' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். என் ஓட்டு அசைவூட்டத்துக்கு. 'ஊட்டு' என்பதில் சோறூட்டும் கை தெரிகிறது. தானாக அசையாததை ஒருவர் அசைய வைக்கிறார். தொழிலுக்கு அசைவூட்டம், படைப்புக்கு அசைவூட்டப்படம், செய்பவருக்கு அசைவூட்டுநர். ஜப்பானியப் பாணியைத் தனித்துச் சொல்ல அனிமே இருந்துவிட்டுப் போகட்டும்.

கார்ட்டூன் மட்டும் வேண்டாம். தடித்த தாளைக் குறித்த இத்தாலியச் சொல்லில் பிறந்து, பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்குப் பெயராகி, பிறகு படத்துக்கு வந்த சொல் அது. 'பொம்மைப் படம்' என்பதும் வேண்டாம். சகாட்டின் மார்பு கிழிவதைப் பார்த்த பிள்ளை அதைப் பொம்மை என்று ஒத்துக்கொள்ளாது.