ஒரு தடவை விலை, மாதாமாதம் செலவு

பண்பலை வானொலிக்கு ஒரு சௌகரியம் உண்டு. கோபுரத்திலிருந்து அலை கிளம்பிவிட்டால், பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் மின்கட்டணம் ஒன்றுதான். அதே நிகழ்ச்சி ஆப் வழியாகப் போனால், சர்வர் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி நகலை அனுப்பியாக வேண்டும். நேயர்கள் இரு மடங்கானால் டேட்டாவும் இரு மடங்கு.

நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒலி என்றால் 16 கிலோபைட், மணிக்கு 57.6 எம்பி. தினம் 2 மணி நேரம் கேட்பவர் மாதத்துக்குச் சுமார் 3.5 ஜிபி இழுப்பார். சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசான் கிளவுடின் அமெரிக்க சர்வர்களிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கு, மாதம் முதல் 100 ஜிபி இலவசம்; அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட் என்பது பட்டியல் விலை. ஆக, இலவச அளவு தீர்ந்த பிறகு, அந்த ஒருவருக்கு மாதம் 31 சென்ட். பாட்டு என்றால் உரிமைத்தொகை தனி. பெரும்பாலும் அதுதான் பெரிய தலைவலி.

இப்போது இந்த ஆப்பை ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் 2.99 டாலருக்கு ஒரே தடவையாக விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிளின் கமிஷன் 30 சதவீதம். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கு 2021 முதல் 15. குறைந்த கமிஷனே போனாலும் கையில் நிற்பது 2.54 டாலர். எட்டே மாதத்தில் அது தீர்ந்துவிடும். அதன்பிறகு அதிகம் கேட்பவர்தான் அதிக நஷ்டம். புதிதாக வாங்குபவரின் காசில் பழையவரின் டேட்டா ஓடுகிறது என்பது, விற்பனை படுத்த மாதத்தில்தான் தெரியவரும்.

மாதச் சந்தா 99 சென்ட் வைத்தால் கமிஷன் போக 84 சென்ட் மிஞ்சும். இது அன்லிமிடெட் மீல்ஸ் கணக்கு: ஒருவர் ஐந்து முறை சோறு கேட்பார், இன்னொருவர் பாதியில் எழுந்துவிடுவார். சராசரிக்கு விலை வைத்தால் போதும். ஆனால் சராசரியைக் கணக்கிட வேண்டியது டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து அல்ல, கேட்ட மணி நேரத்தை வைத்து. செலவைக் குறைக்கவும் வழி உண்டு. பேச்சு நிகழ்ச்சிக்கு 48 கிலோபிட் தாராளம். நேயர் தூங்கிய பிறகும் விடிய விடிய ஓடும் ஒலியை நிறுத்த ஒரு டைமர் வைத்தால், கேட்க ஆளில்லாத டேட்டாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வீடியோவுக்கு இந்தக் கணக்கு பயமுறுத்தும். நெட்ஃபிளிக்ஸ் 2019இல் இந்தியாவில் போனுக்கு மட்டுமான திட்டத்தை 199 ரூபாய்க்குக் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் 149 ஆக்கியது. தரம் 480பி. நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தாலும், தினம் 2 மணி நேரத்துக்கு மாதம் 27 ஜிபி. அமேசானின் மும்பைப் பட்டியல் விலை ஜிபிக்குச் சுமார் 11 சென்ட்; அப்படிப் பார்த்தால் டேட்டாவுக்கு மட்டுமே 200 ரூபாயைத் தாண்டும். பிறகு எப்படிக் கட்டுப்படியாகிறது? நெட்ஃபிளிக்ஸ் அந்த வழியில் படத்தை அனுப்புவதில்லை. படங்கள் நிரம்பிய தன் சொந்த சர்வர் பெட்டிகளை இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே இலவசமாக வைத்துவிடுகிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் புதுப் படங்கள் அதில் ஒரே ஒரு முறை ஏறும். அந்த வட்டாரத்துப் போன்களுக்கெல்லாம் அங்கிருந்தே போகும்.