118-லேயே நிற்கும் சுகர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் கம்பத்தில் என் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. மற்ற ஆறு நாளும் விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டைத் தாண்டி வண்டன்மேடு, அணக்கரை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று ஒரு நாள்தான் தோது. அப்படியொரு ஞாயிறில்தான் அந்தப் பெண்ணைத் திட்டினேன்.

வயது 24. ஒல்லியான உடம்பு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு முகாமில் வெறும் வயிற்றுச் சுகர் 118 என்று வந்து, அந்தச் சீட்டோடு என்னைப் பார்க்க வந்தவர். மெட்ஃபார்மின் எழுதினேன். அடுத்த முறை 121. மாத்திரையைக் கூட்டினேன். 117. மூணு மாச சுகர் (HbA1c) 6.4. அன்றைக்குப் பார்த்தால் மறுபடியும் 118.

"ஒழுங்கா மாத்திரை போடுறியா இல்லையாம்மா?" என்று குரலை உயர்த்தினேன்.

"போடல டாக்டரம்மா. சித்திரையிலயே நிப்பாட்டிட்டேன். வயித்தப் பொரட்டுது, ஜீப்புல வாந்தி வருது."

அது ஆவணி. நான்கு மாதமாக மாத்திரையே உள்ளே போகவில்லை, சுகரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாத்திரை போட்டபோதும் 118, போடாதபோதும் 118. அப்படியானால் இவ்வளவு நாளும் நான் எதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்?

கூட வந்திருந்த அவருடைய அம்மா, திட்டு ஓயட்டும் என்று காத்திருந்ததுபோல், மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து, உள்ளே லேப் சீட்டுகள் சோற்றுப்பசை போட்டு ஒட்டியிருந்தன. 2013-இல் 116. 2017-இல் 120. "எனக்கும் அந்தக் காலத்துலருந்து இப்படித்தாம்மா. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல." அவரும் அன்று காலை டீகூடக் குடிக்காமல் வந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். 119.

மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அம்மாவைப் பற்றி நான் விவரமாகக் கேட்கவில்லை. "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டிருப்பேன், "அம்மாவுக்கு லேசா இருக்கு" என்று சொல்லியிருப்பார், நானும் டிக் அடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பேன். அந்த 'லேசா'வில்தான் எல்லாம் இருந்தது.

சரி, இதற்குப் பின்னால் இருக்கும் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நாம் சாப்பிடும் சோறு, களி, கப்பைக்கிழங்கு எல்லாம் கடைசியில் குளுக்கோஸாகி, குடலிலிருந்து நேராக ஈரலுக்குத்தான் முதலில் போகிறது. செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸை உடைத்துச் சக்தியாக்கும் வேலைக்குக் கிளைகாலிசிஸ் என்று பெயர். அதன் முதல் படி, குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது. ஒட்டிவிட்டால் அது செல்லை விட்டு வெளியே நழுவ முடியாது. தசையிலும் மூளையிலும் இந்த வேலையை ஹெக்ஸோகைனேஸ் நொதிகள் செய்கின்றன. ஈரலில் அதே குடும்பத்தின் நான்காவது உறுப்பினர் செய்கிறது. அதன் பெயர் குளுக்கோகைனேஸ்.

மற்ற மூன்றும் கிணற்று மோட்டார் மாதிரி. தண்ணீர் கொஞ்சம் கிடந்தாலும் இழுக்கும். 100 மில்லி ரத்தத்துக்கு நான்கு மில்லிகிராம் அளவு குளுக்கோஸ்கூட இல்லாதபோதே பாதி வேகத்தைத் தொட்டுவிடும். குளுக்கோகைனேஸ் அப்படியில்லை. அதற்குப் பாதி வேகம் வரவே ஏறக்குறைய 144 மில்லிகிராம் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் பெரியாறு அணையை வைத்துத்தான் சொல்வேன். நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் சுரங்கம் வழியாகத் தண்ணீர் லோயர் கேம்ப்புக்கு இறங்கும். மட்டம் கூடக்கூட வரத்தும் கூடும். பட்டினி நேரத்தில் ஈரல் குளுக்கோஸை அதிகம் இழுக்காமல் மூளைக்கு விட்டுக்கொடுப்பதும், சாப்பிட்டவுடன் வாரி எடுத்துக் கிளைகோஜன் என்ற சேமிப்பாகச் சேர்த்து வைப்பதும் இதனால்தான். இன்னொன்று: மற்ற ஹெக்ஸோகைனேஸ்கள், செய்து முடித்த சரக்கு குவிந்தால் 'போதும்' என்று கையைக் கட்டிக்கொள்ளும். இது கட்டிக்கொள்ளாது. (பூனையின் ஈரலில் இந்த நொதி அநேகமாக வேலை செய்வதில்லை. கறி தின்று வாழும் பிராணிக்கு, சாப்பிட்டதும் பாயும் மாவுச்சத்தை அள்ளும் தேவை ஏது?)

அதன் உருவம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 465 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. பெரிய பாகம் ஒன்று, சின்ன பாகம் ஒன்று, நடுவே ஒரு பிளவு. குளுக்கோஸ் இல்லாதபோது சின்ன பாகம் நன்றாக விலகி, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் சின்ன பாகம் திரும்பிவந்து மூடும், வேலை நடக்கும். முடிந்ததும் உடனே முழுசாகப் பிளப்பதில்லை, மெதுவாகத்தான் விலகும். அதற்குள் அடுத்த குளுக்கோஸ் வந்துவிட்டால் பாதி திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வேகம் கூடும். வர நேரமானால் பழையபடி சோம்பி விரிந்துவிடும். வழக்கமாகப் பல துண்டுகள் சேர்ந்த நொதிகள்தான் ஒன்றையொன்று தட்டியெழுப்பி இப்படி வேகம் பிடிக்கும். இது ஒண்டியாக இருந்துகொண்டே, போன முறை நடந்ததை ஞாபகம் வைத்திருப்பதுபோல் நடந்துகொள்கிறது. விரிந்த உருவத்தையும் மூடிய உருவத்தையும் ஜப்பானில் படிகமாக்கிப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள்.

ஈரலில் இதற்கு ஒரு காவல்காரரும் உண்டு. குளுக்கோகைனேஸை அடக்கும் புரதம் ஒன்று, பட்டினி நேரத்தில் அதைக் கட்டிப்பிடித்துச் செல்லின் உட்கருவுக்குள் உட்காரவைத்துவிடும். சாப்பாடு வந்து குளுக்கோஸ் ஏறியதும் பிடி தளர்ந்து, நொதி வெளியே வந்து வேலையில் இறங்கும். 1980-களின் கடைசியில் பெல்ஜியத்தில் எமில் வான் ஷாஃப்டிங்கன் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தார். பிடியை இறுக்குவது ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட், தளர்த்துவது ஃபிரக்டோஸ்-1-பாஸ்பேட். இரண்டாவது, பழச் சர்க்கரையிலிருந்து ஈரலில் உண்டாவது. அதாவது நாலு பன்னீர் திராட்சை உள்ளே போனாலே, 'சாப்பாடு வருது, கதவைத் திற' என்று ஈரலுக்குத் தகவல் போய்விடும். இதைச் சொன்னதும் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், "அப்ப பழம் சுகருக்கு மருந்துன்னு போர்டு வச்சிரலாமா?" என்றார். வேண்டாம். பழச் சர்க்கரை அளவுக்கு மீறினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கிவிடும்.

நீண்டகாலக் கட்டுப்பாடு இன்சுலின் கையில். ஈரலில் இந்த நொதி புதிதாக உண்டாக வேண்டுமென்றால் இன்சுலின் உத்தரவு வேண்டும். ஆனால் இதே நொதி, இதே மரபணுவிலிருந்து, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லிலும் இருக்கிறது. அங்கே அது இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. அங்கே அதன் வேலையும் வேறு, அளவுகோல் பார்ப்பது. குளுக்கோஸ் எவ்வளவு ஏறினால் இன்சுலினைத் திறந்துவிட வேண்டும் என்று கணையத்துக்குச் சொல்வது அதுதான்.

இப்போது அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வருவோம். இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பழுது இருந்தால் அளவுகோல் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கும். மற்றவர்களுக்கு 90-இல் விழிக்கும் கணையம் இவர்களுக்கு 110, 120-இல்தான் விழிக்கும். ஆனால் விழித்தபின் சரியாகவே வேலை செய்யும். அதனால் சுகர் பிறவியிலிருந்தே ஒரு படி மேலே, அசையாமல் நிற்கும். மாத்திரை கொடுத்து இறக்கப் பார்த்தாலும் உடம்பு பழைய படிக்கே கொண்டுவந்துவிடும். இதற்கு மோடி-2 (MODY-2) என்று பெயர் (பெயரைக் கேட்டுச் சிரிக்காத நோயாளி இதுவரை இல்லை). இரண்டு பிரதியும் பழுதானால்தான் ஆபத்து, பிறந்த குழந்தைக்கே கடுமையான நீரிழிவு வரும்.

2014-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று, இப்படி ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்தவர்களைப் பார்த்தது. கண், சிறுநீரகம், கால் என்று நீரிழிவு தாக்கும் இடங்களில் குறிப்பிடும்படியான பாதிப்பு அவர்களுக்கு அரிதாகவே இருந்தது. அதனால் கர்ப்ப காலம் தவிர மற்ற நேரத்தில் பொதுவாக வைத்தியம் தேவையில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். என்னிடம் 118 என்று சீட்டு கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது சாதாரண டைப்-2-இன் வாசற்படிதான். இன்று 118, கவனிக்காவிட்டால் நாலு வருடத்தில் 200-ஐயும் தாண்டும். சந்தேகப்பட வேண்டியது இப்படிப்பட்டவர்களை: வெறும் வயிற்றுச் சுகர் 98-க்கும் 145-க்கும் நடுவே வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது, மூணு மாச சுகர் 5.6-இலிருந்து 7.6-க்குள், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் பெரிதாக ஏறுவதில்லை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதே கதை. உடம்பு ஒல்லியாக இருந்தால் சந்தேகம் கூடும், பருமனாக இருந்தால் விலகிவிடாது. உறுதியாகச் சொல்ல மரபணுப் பரிசோதனை வேண்டும். மாத்திரையை நிறுத்துவது அதற்குப் பிறகு, டாக்டர் சொல்லித்தான்.

மருந்துக்காரர்களும் இந்த நொதியைச் சும்மா விடவில்லை. குளுக்கோஸ் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதில் ஒரு மூலக்கூறைச் செருகினால் வாய் மூடிய நிலையிலேயே நிற்கும், வேகம் கூடும். முதலில் வந்தவற்றில் சில கொஞ்ச நாளில் பலனிழந்தன, ரத்தக் கொழுப்பையும் ஏற்றின. டோர்ஸாக்லியாட்டின் என்ற மருந்துக்கு 2022-இல் சீனா அனுமதி கொடுத்தது. அது டைப்-2 நீரிழிவுக்கானது.

அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. குளுக்கோகைனேஸ் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. "சுகர் பொண்ணு" என்று இரண்டு வரன் தட்டிப்போனதை அன்றுதான் அம்மா சொன்னார். மூன்று வருடச் சீட்டுகளிலும் நீரிழிவு என்று எழுதியது என் கைதான். அந்த மாத்திரைகளுக்குப் பதிலாக, இது ஏறாது என்று விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம் கல்யாணமாகி, ஏழாம் மாதத்தில் வந்தார். இங்கேதான் கவனம் வேண்டும். குழந்தைக்கு அந்தப் பழுது வராமல் போயிருந்தால், அம்மாவின் 118 அதற்கு அதிகம். இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பெரிதாக வளர்ந்துவிடும். பழுது வந்திருந்தால் இருவர் அளவுகோலும் ஒன்று, சாதாரணமாகவே வளரும். ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மாதத்துக்கு ஏற்ற அளவில்தான் இருந்தது. இன்சுலின் போடவில்லை. பிறந்தபோது எடை 2.9 கிலோ.

பேத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பாட்டி வந்தார். "இவளுக்கும் இருக்குமா டாக்டரம்மா?"

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஸ்கூல் போற வயசுல ஒருதடவ வெறும் வயித்துல பாத்துக்கலாம்."

தலையாட்டிவிட்டு, அந்த நோட்டில் எடைச் சீட்டை ஒட்டப் பசை கேட்டார்.