ஸ்கூட்டிக்குள் பால் தேத்தண்ணி

போன மாரியில் வெள்ளம் வடிந்த கையோடு அக்காவின் ஸ்கூட்டியை ஆரையம்பதியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பின்சக்கரப் பக்கம் ஓர் இரைச்சல். கராஜ் பாஸ் கியர் பெட்டியின் அடியில் இருந்த, ஒயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். டின்னுக்குள் விழுந்த கியர் ஒயிலைப் பார்த்து, "இதென்ன தம்பி, பால் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு? வெள்ளத்துக்க விட்டதோ?" என்றார். அக்கா படிப்பிப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில். வலையிறவுப் பாலம் தாண்டினால் வெள்ள நாளில் எது தெரு, எது வயல் என்று தெரியாது. விட்டுத்தான் இருக்கிறா.

அந்தப் போல்ட் இருப்பதே பலருக்குத் தெரியாது. செயின் போட்ட மோட்டார் சைக்கிளில் அது கிடையாது. ஸ்கூட்டியில் எஞ்சினின் சுழற்சி பெல்ட் வழியாகப் பின்னுக்கு வந்து, கிளச்சைத் தாண்டி, சக்கரத்தோடு ஒட்டிய சின்ன அலுமினியப் பெட்டிக்குள் போகிறது. அங்கே இரண்டு சோடி பற்சக்கரங்கள் வேகத்தைப் பத்தில் ஒன்றளவுக்குக் குறைத்து, இழுவையைக் கூட்டுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும்போது 10 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 தரம் சுற்றும். பெட்டியின் முதல் பற்சக்கரமோ ஆயிரக்கணக்கில் சுற்றும். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் ஒயில் சுமார் 120 மில்லிலீற்றர்தான். பில்டர் இல்லை, பம்ப் இல்லை. பற்கள் ஒயிலுக்குள் முங்கி எழும்பித் தாங்களே வாரிப் பூசிக்கொள்ள வேண்டும்.

ஒரு பல் இன்னொன்றைத் தள்ளும் இடம் மெல்லிய கோடு போன்றது. முழுப் பாரமும் அந்தக் கோட்டில் இறங்குவதால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்குக்கு ஏறிவிடும். ஒயில் பிதுங்கி ஓடிவிட வேண்டும்தானே? ஓடாது. நசுக்க நசுக்க ஒயில் தடிக்கும். அந்தக் கணத்தில் ஏறக்குறைய கண்ணாடி போல இறுகி நிற்கும். தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு வருமோ என்னவோ, அந்தப் படலம்தான் இரும்பை இரும்பிலிருந்து பிரித்து வைக்கிறது. படலம் கிழியும் இடத்தைக் கவனிக்கவே கியர் ஒயிலில் கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் கலக்கிறார்கள். உரசிச் சூடேறிய இரும்போடு அவை வினைபுரிந்து, பல்லுக்குப் பதில் தாம் தேயும் ஒரு தோலை உண்டாக்கும். மூடியைத் திறந்ததும் வரும் அந்த நாற்றம் கந்தகத்தின் வேலை.

பால் தேத்தண்ணி நிறம் என்றால் ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. தண்ணீருக்கு ஒயிலின் இந்தத் தடிக்கும் குணம் இல்லை. எவ்வளவு நசுக்கினாலும் தடிக்காது, விலகி ஓடிவிடும். ஒயிலோடு கலந்த துளி ஒன்று பற்களின் இடைக்குள் போனால் அங்கே படலம் உடைகிறது. நின்ற இடத்தில் பெயரிங் துருப்பிடிப்பது வேறு கதை.

சரி, மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது? அந்தப் பெட்டி மூச்சு விடுகிறது. ஓட ஓடச் சூடேறி உள்ளே காற்று விரிவதால், ஒயில் கசியாமல் அடைக்கும் சீல் வெடிக்காமலிருக்க மேலே சின்னக் குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். 70 பாகையில் இருந்த பெட்டி 30 பாகை வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே காற்று கிட்டத்தட்ட 12 வீதம் சுருங்கும். உள்ளே 200 மில்லிலீற்றர் காற்று இருந்தால் 20க்கு மேல் இழுத்துக்கொள்ளும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அது இழுப்பது வெள்ளத்தைத்தான். ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுவது போல.

ஒயிலை மாற்றுவது பெரிய வேலை இல்லை. கொஞ்சம் ஓடி ஒயிலை இளக்கி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு தெரிந்து பயனில்லை. அப்புறம் அடிப் போல்ட். திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போய்விடும். "இன்னும் கொஞ்சம்" என்று கூட ஊற்றுவதும் வேண்டாம். மிஞ்சினது சீலைத் தள்ளிக்கொண்டு பின் பிரேக்குக்குள் இறங்கும். கியர் ஒயில் டின்னில் 80டபிள்யூ-90 என்று பார்த்து, 10டபிள்யூ-40 எஞ்சின் ஒயிலை விட இரண்டு மடங்கு தடிப்பு என்று நினைக்க வேண்டாம். கியர் ஒயிலுக்கு அளவுகோல் வேறு. இரண்டும் தடிப்பில் கிட்டத்தட்ட ஒன்றே. சில ஸ்கூட்டிகளுக்குக் கம்பனியே எஞ்சின் ஒயிலைத்தான் சொல்கிறது. கையேட்டைப் பாருங்கள். கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கு காய்ந்த தெருவுக்கு. சக்கரத்தின் நடு முங்கியிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

அக்காவின் ஸ்கூட்டிக்கு ஒரு தரம் போதவில்லை. புது ஒயில் விட்டு, கல்லடிப் பாலம் வரை ஓடிவிட்டு வந்து திரும்ப வடித்தோம். இலேசாகக் கலங்கல். மூன்றாவது தரம்தான் தேன் நிறத்திலேயே வந்தது. கடைசியாக பாஸ் மூச்சுக் குழாயைத் தடவிப் பார்த்தார். கிளிப் கழன்று, வாய் அச்சாணி உயரத்துக்குத் தொங்கிக் கிடந்தது. அதை இழுத்தெடுத்து சீற்றுக்கு அடியில் கம்பியோடு கட்டிவிட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.