"உடம்பு எங்கே, கை எங்கே?"

குழந்தை வளர்ச்சி ஆலோசகராக இருப்பதால் என் அறையில் ஒரு குட்டை மேசையும், வெள்ளைத்தாளும், தடித்த கிரேயான்களும், காலி அட்டைப்பெட்டிகளும் எப்போதும் கிடக்கும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் மூன்றரை வயதுச் சிறுமி பெரிய வட்டம் போட்டாள். உள்ளே இரண்டு புள்ளி. வட்டத்தின் அடியிலிருந்தே நேராக இரண்டு கால். "இது அம்மா" என்றாள். அம்மா எட்டிப் பார்த்து, "உடம்பு எங்கே, கை எங்கே?" என்று கேட்டு, கிரேயானை வாங்கி ஒழுங்காக ஓர் உருவம் வரைந்து காட்டினார். சிறுமி தாளைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகு "நீயே வரைம்மா" என்றுதான் சொன்னாள்.

அந்த அம்மா அன்போடுதான் செய்தார். ஆனால் படத்தில் தப்பே இல்லை. ஒன்றரை வயதை ஒட்டிக் கிறுக்கல், மூன்று வயதுவாக்கில் வட்டம், அப்புறம் இந்தக் கால் முளைத்த தலை. பெரும்பாலான குழந்தைகள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். உடம்பும் கையும் பின்னால் தானாக வந்து சேரும்.

திருத்துவது மட்டுமல்ல, பரிசு ஆசை காட்டுவதும் கெடுத்துவிடும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர்க்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம், அப்படி ஆசை காட்டப்படாத பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதிதான். பாராட்டத் தோன்றினால் "சூப்பர்!" என்பதற்குப் பதில் "இந்த மூலை முழுக்க நீலம் பூசியிருக்கியே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். குழந்தையே மீதியைப் பேசும்.

பாசாங்கு விளையாட்டுக்கும் இதே கதைதான். மரக்கட்டையைக் காதில் வைத்து "ஹலோ" என்கிற குழந்தை, ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கலாம் என்று கண்டுகொண்டிருக்கிறது. நாளை எழுத்து ஒலியைக் குறிக்கும் என்பதைப் பிடிக்கவும் இந்தப் புரிதல் வேண்டும். ஆகவே வெறும் கோப்பையை நீட்டினால் ஊதி ஊதிக் குடியுங்கள். உங்களை நோயாளியாக்கினால் "வலிக்குது டாக்டர்" என்று முனகுங்கள். நடுவில் "கோப்பை என்ன நிறம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள், ஆட்டம் அங்கேயே செத்துப்போகும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைக் குழந்தை சொல்லட்டும்.

இரண்டரை வயதாகியும் இப்படிப் பாவித்து விளையாடும் சாயலே தெரியவில்லையா? அடுத்த முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.