உச்சியில் பந்து நிற்கிறதா?

ஒரு ரப்பர் பந்தை நேர் மேலே எறியுங்கள். கையை விட்டதிலிருந்து திரும்பக் கைக்கு வரும்வரை எத்தனை வினாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். 2 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு எண்ணே போதும். எறிந்த வேகத்தையும் ஏறிய உயரத்தையும் சொல்லிவிடலாம்.

கையை விட்டதும் பந்தைப் பிடித்து இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே (காற்றை இப்போதைக்கு மறந்துவிடுவோம்). ஏறும் வேகத்தில் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டரை அது கழித்துக்கொண்டே வரும். ஏற எவ்வளவு நேரமோ, இறங்கவும் அவ்வளவே. ஆக, ஏறியது 1 வினாடி. அதற்குள் வேகம் தீர்ந்துவிட்டதால், புறப்பட்ட வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர். அது சீராகக் குறைந்து பூஜ்யமானது; சராசரி அதில் பாதி. உயரம் 4.9 மீட்டர்.

இருமடங்கு வேகத்தில் எறிந்தால்? ஏறும் நேரமும் இருமடங்கு, சராசரி வேகமும் இருமடங்கு. உயரம் நான்கு மடங்காகி 19.6 மீட்டரைத் தொடும். உயரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கம் வருவது இதனால்தான்.

உச்சியில் முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) எவ்வளவு என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் பூஜ்யம் என்பார்கள். பூஜ்யமானது வேகம்தான், முடுக்கம் அங்கேயும் அதே 9.8. அதுவும் இல்லாமல் போனால் பந்து இறங்கவே இறங்காது, அந்தரத்தில் தொங்கும்!

ஆனாலும் மேலே ஒரு கணம் தயங்கி நிற்பதுபோல் தெரிகிறதே? கண்ணைக் குறை சொல்லாதீர்கள். நம் பந்து முதல் அரை வினாடியில் ஏறியது ஏறத்தாழ 3.7 மீட்டர். அடுத்த அரை வினாடியில் வெறும் 1.2 மீட்டர். இறங்கும்போதும் இதே கதைதான். ஆக, மொத்தம் 2 வினாடியில் ஒரு முழு வினாடியை அந்த உச்சி 1.2 மீட்டரிலேயே கழித்துவிடுகிறது. விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என ஒற்றைப்படையில் கூடும் என்று கலிலியோ 1638-ல் வெளியான நூலில் எழுதினார். ஏறும் பந்து அதே வரிசையைத் தலைகீழாக ஒப்பிக்கிறது.

காற்றையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சமச்சீர் குலையும். வழியெல்லாம் காற்று வேகத்தைத் தின்பதால், எந்த உயரத்திலும் இறங்கும் வேகம் ஏறிய வேகத்தைவிடக் குறைவு. இறங்கத்தான் அதிக நேரம் பிடிக்கும். ரப்பர் பந்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு காகிதத்தைக் கசக்கி எறிந்து பாருங்கள்.