பீங்கான் நாயின் மூஞ்சியை நம்பலாமா?

பக் நாய் என்றதும் நம்மில் பலருக்கு 2003இல் வந்த ஹட்ச் விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடிவரும் குட்டி நாய். சுருங்கிய நெற்றி, உருண்ட கண்கள், உள்ளங்கையால் அழுத்திவிட்டது போலத் தட்டையான மூஞ்சி. அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியின் மெய்சன் நகரத்தில் 1740களில் செய்த பீங்கான் பக் பொம்மை ஒன்றின் படத்தைப் பாருங்கள். கருத்த மூஞ்சி, சுருண்ட வால் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் மூஞ்சி முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். கால்களும் உயரமாக இருக்கும். காதுகளை ஒட்ட நறுக்கியிருப்பார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது.

நாய் மாறிவிட்டதா, செய்தவர் கை தவறியதா? இதற்குப் பதில் வேண்டுமென்றால், பீங்கான் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கெட்டிப் பீங்கானின் ரகசியம் ஐரோப்பாவில் பிடிபட்டது 1708 வாக்கில்தான். மெய்சன் இருக்கும் சாக்சனி பகுதியை ஆண்ட அகுஸ்டஸின் காவலில் இருந்த போட்கர் என்ற ரசவாதியும், ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1710இல் மெய்சன் ஆலை தொடங்கியது. கலவையில் முக்கியமானவை மூன்று. கயோலின் என்னும் வெண்களிமண் வளைந்து கொடுக்கும். குவார்ட்ஸ் உருவம் குலையாமல் தாங்கும். ஃபெல்ட்ஸ்பார் என்னும் கல் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி மற்ற இரண்டையும் பிணைக்கும். சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில், களிமண் இருந்த இடத்தில் முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் வளர்கின்றன. துகள்களுக்கு இடையிலிருந்த இடைவெளிகளை உருகிய கண்ணாடி நிரப்பிவிடுகிறது.

இடைவெளி மூடினால் உருவம் சுருங்கத்தானே வேண்டும்? மெய்சன் பீங்கான் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். 18 சென்டிமீட்டர் நாயாகச் சூளைக்குள் போனது 15 சென்டிமீட்டராக வெளியே வரும். நம் கேள்விக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது. மூஞ்சி, மண்டை, கால் எல்லாம் அநேகமாக ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. மூஞ்சி மண்டையில் பாதி நீளம் என்று சிற்பி வடித்திருந்தால், சுட்ட பிறகும் அது பாதியாகவே இருக்கும். பீங்கான் அளவை மாற்றிவிடும்; விகிதத்தை அதிகம் தொடாது.

சூளை குழப்பும் இடங்களும் உண்டு. உச்ச சூட்டில் பீங்கான் லேசாக இளகும். மெல்லிய நான்கு கால்களில் நிற்கும் உடல் அப்போது தொய்ந்துவிடக்கூடும். அதனால்தான் பீங்கான் விலங்குகளின் வயிற்றுக்குக் கீழே மரக்கட்டையோ பூச்செடியோ வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் மெத்தை மேல் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே பொம்மை உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்து நாயின் குணத்தைக் கணிக்க முடியாது. குட்டையாகவும் கனமாகவும் இருக்கும் மூஞ்சிக்கு அந்த ஆபத்து குறைவு.

இன்னொரு விஷயம் அச்சு. 1731இல் மெய்சனில் சேர்ந்த யோஹான் யோஆகிம் கேண்ட்லர் போன்ற சிற்பி ஒரு மாதிரியை வடிப்பார். அதைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஜிப்சம் அச்சு எடுப்பார்கள். அச்சில் அழுத்திய தலை, கால், வால் எல்லாவற்றையும் களிமண் குழம்பால் ஒட்டுவது வேறொரு கைவினைஞரின் வேலை. அப்படியென்றால், ஒரே அச்சிலிருந்து வந்த ஐம்பது பக் பொம்மைகள் ஐம்பது சாட்சிகள் ஆகிவிடாது. அவை ஒரே சாட்சியின் ஐம்பது பிரதிகள். தேய்ந்த அச்சில் மூக்கின் கூர்மையும் மழுங்கும். அருங்காட்சியக அலமாரியில் வரிசையாக நிற்கும் நாய்களைப் பார்க்கும்போது இதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, தனிச் சாட்சி வேறு இருக்கிறதா? நல்லவேளையாக இருக்கிறது. லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னையும் தன் பக் நாய் டிரம்ப்பையும் சேர்த்து ஓவியமாக வரைந்தார். அதே நாயை ரூபிலியாக் என்ற சிற்பி உருவமாக வடித்தார். அதைப் பார்த்து லண்டனின் செல்சீ பீங்கான் ஆலை பீங்கானிலும் செய்தது. நாடு வேறு, கை வேறு, பீங்கான் கலவையும் வேறு. அங்கேயும் மூஞ்சி நீண்டுதான் இருக்கிறது. ஆக, மாறியது நாய்தான்.

(அந்தக் காலத்தில் பக் மேல் இருந்த மோகத்துக்கு ஒரு விசித்திரக் காரணமும் உண்டு. கத்தோலிக்கர்கள் ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சகோதரச் சங்கங்களில் சேரக்கூடாது என்று 1738இல் போப் தடை விதித்தார். கொஞ்ச நாளில் அதற்கு மாற்றாக ஜெர்மனியில் ‘பக் சங்கம்’ என்ற ரகசியச் சங்கம் முளைத்தது. பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். விசுவாசத்தின் அடையாளம் பக் நாய். கேண்ட்லரும் அந்தச் சங்கத்தாரை நாயோடு பீங்கானில் வடித்தார்.)

மூஞ்சியைச் சுருக்கியது சூளை கிடையாது, மனிதத் தேர்வு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாய்க் கண்காட்சிகள் பெருகின. தட்டை முகம் பிடித்துப்போக, அப்படிப்பட்ட குட்டிகளையே அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள். மரபணுவில் நடந்ததும் இப்போது ஓரளவு தெரியும். முகம் உருவாவதில் பங்குள்ள எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று நுழைந்து, அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது. நாய்களின் முக நீளத்தில் காணும் வேறுபாட்டில் 36 சதவீதம் வரை இதனால் விளக்கலாம் என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது. பிஎம்பி3 என்ற இன்னொரு மரபணுவுக்கும் பங்கு உண்டு.

எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மென்அண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மென்சதை, தொண்டையை அடைக்கிறது, மூக்குத் துவாரம் ஒடுங்குகிறது. பலர் ரசிக்கும் அந்தக் குறட்டைச் சத்தம், உண்மையில் நாய் மூச்சுக்குப் போராடும் சத்தம். நாய் மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. மூக்கின் உள்பரப்பு குறைந்தால் அந்த வழியும் குறுகும். நம் சித்திரை வெயிலில் பக் வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

2015இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் மூஞ்சி நீளத்தை மண்டை நீளத்தால் வகுத்துப் பார்த்தார்கள். பாதிக்குக் கீழே போகப்போக மூச்சுத் தொல்லை வேகமாக ஏறியது. பீங்கான் பத்திரமாகக் காத்துவைத்திருக்கும் அதே விகிதம்தான் இது. சூளையில் சுருங்கிய பொம்மையையும் உயிருள்ள நாயையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஜெர்மனியில் இப்போது சிலர் பக் நாயை பார்சன் ரஸ்ஸல் டெரியர் என்ற வேறொரு நாய் இனத்துடன் கலந்து ‘ரெட்ரோமாப்ஸ்’ என்ற நாயை வளர்க்கிறார்கள். ‘மாப்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் பக். அந்தக் குட்டிகளின் மூஞ்சி கொஞ்சம் முன்னால் நீளும், கால் உயரும். பக்கவாட்டில் பார்த்தால் கேண்ட்லரின் பொம்மைகள் நினைவுக்கு வருகின்றன.